ஜூன் மாதக் கணக்கு

தெலுக் ஆயர் தாவாரில் பறவைகளை எண்ண
என்னை அனுப்பியது ஜூனில்.
இரவல் தொலைநோக்கி, கையில் சொடுக்கும் எண்ணி,
பளிச்சென்று ஒரு மஞ்சள் சட்டை,
நாளுக்கு எண்பது வெள்ளி.

மூன்று நாள் சேற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
நாலு கொக்கு.
பாக்காவ் வேரில் ஒரு மீன்கொத்தி.
காகங்களுக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
'வலசை வரும் கரைப்பறவைகள்' என்ற இடத்தில்
முட்டை போட்டேன்.
சுழியத்தைப் பள்ளியில் அப்படித்தான் சொல்வோம்.
கீழே கையெழுத்து:
குமுதவல்லி த/பெ சின்னையா.

பொய் எழுதவில்லை.
ஜூனில் அவை இங்கே இல்லை.
சைபீரியாவில், பனி விலகிய புல்லில்,
நிஜ முட்டைகள்மேல் உட்கார்ந்திருந்தன.
டிசம்பர் விடுமுறையில் தமிழ்ப்பள்ளிக்குப் போய்
வகுப்பு வகுப்பாக எட்டிப் பார்த்துவிட்டு
'பிள்ளைகளே இல்லை' என்று
எழுதிக்கொண்டு வந்தவள் நான்.

அறிக்கை முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
அட்டையில் 'நிலமீட்பு' என்று தங்க எழுத்து.
மீட்பதென்றால் யாரோ பறித்திருக்க வேண்டுமே?
அடகு வைத்த நகையா?
கடல் என்றைக்கு நம் நிலத்தைக்
கொண்டுபோய் ஒளித்து வைத்தது?
நூற்று நாற்பதாம் பக்கத்தில்
என் முட்டை மட்டும்
யாரும் அடைகாக்காமல் கிடந்தது.

நவம்பரில் ஒரு ஞாயிறு.
யாரும் அனுப்பவில்லை.
மோட்டாரை எடுத்துக்கொண்டு போனேன்.
ஓதம் ஏறும் நேரம் காலை ஒன்பது நாற்பது
என்று அட்டவணையில் பார்த்து வைத்திருந்தேன்.
பலகைமேல் ஒரு முழங்காலை ஊன்றி
மறுகாலால் சேற்றைத் தள்ளித் தள்ளிக்
கரைக்கு வந்தார் சலேஹா, வாளி நிறையக் கிளிஞ்சல்.
"வந்தாச்சு" என்றார் மலாயில், தாடையால் திசை காட்டி.
"சின்னது அதுகளுக்கு, பெரிசு எனக்கு.
இதுவரைக்கும் சண்டை வந்ததில்லை."

முதலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.
சேற்றுக்குச் சேறு நிறம்.
பிறகு தண்ணீர் நெருக்க நெருக்க
சேறு நடக்கத் தொடங்கியது.
பவளக்காலி. உப்புக்கொத்தி. உள்ளான்.
கதிரரிவாளை முகத்தில் மாட்டிய கோட்டான்.
மீனவர் நட்ட கழிகளில்
கழிக்கொன்றாக ஆலா,
எல்லாம் காற்றுக்கு முகம் காட்டி.

எண்ணியைத் திருப்பிக் கொடுத்திருந்தேன்.
கட்டைவிரலால் விரற்கோடுகளைத் தொட்டு
பத்துப் பத்தாகக் கணக்கு வைத்தேன்.
ஆயிரத்து நூற்று நாற்பதில்
ஒரு பருந்து வந்தது.
மொத்தக் கரையும் எழுந்து,
ஒருமுறை வெள்ளையாகி,
ஒருமுறை இல்லாமலே ஆகி,
வேறிடத்தில் இறங்கியது.
மறுபடி ஒன்று.

இரண்டாயிரத்துச் சொச்சம்.
சொச்சத்துக்கும் படிவத்தில் கட்டம் கிடையாது.
சொச்சத்தில் ஒன்றுக்கு
காலில் ஆரஞ்சுப் பட்டை.
எழுத்து தெரியவில்லை.
எங்கோ ஒரு குளிர்தேசத்தில் யாரோ
அதைக் கையில் பிடித்திருக்கிறார்கள்.
நெஞ்சின் துடிப்பு அவர்கள் உள்ளங்கைக்குத் தெரிந்திருக்கும்.

ஆட்சேபம் சொல்லப் பதினாலு நாள்.
பதின்மூன்றாம் நாள் ஃபெர்ரி ஏறி
கொம்தாருக்குப் போனேன்.
முகப்பில் இருந்த இளைஞர்
என் தாளையும் அறிக்கையையும்
பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.
"அக்கா, ரெண்டும் உங்க கையெழுத்துதானே?"
ஆமாம்.
"எதை நம்புறது?"
ரெண்டையும், என்றேன்.
மாதத்தைப் பாருங்க.

அவர் மாதத்தைப் பார்த்தார்.
பிறகு கண்ணாடிக்கு வெளியே
சாம்பல் கோடாய்த் தெரிந்த எதிர்க்கரையை.
என்ன நினைத்தாரோ, தெரியாது.
'பெறப்பட்டது' என்று முத்திரை குத்தினார்.
அவ்வளவுதான், இன்றைக்கு.

மை காயவில்லை.
அங்கே ஓதம் இறங்கத் தொடங்கியிருக்கும்.
ஈரம் விலகிய முதல் முழத்தில்
ஏதோ ஒன்று
அலகை இறக்கிப் பார்த்துக்கொண்டிருக்கும்.